வஹீதா சொன்ன இன்னொரு காரணம்

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் நடக்கிற பயிற்சி மையத்தில் வஹீதாவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஆட்டுற மேடம். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அப்படிச் சொல்வது அவளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வாள்.

வங்கித் தேர்வும் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வும் எழுதுகிற பிள்ளைகளுக்கு அவள் தர்க்கப் பாடம் எடுத்தாள். அதிலும் ஒரே ஒரு வகைக் கேள்விக்கு அவளைவிட்டால் திருச்சியில் ஆளில்லை என்று முதலாளி ஸ்ரீரங்கராஜன் பெற்றோரிடம் சொல்லுவார். ஒரு சின்னப் பத்தி கொடுத்திருப்பார்கள். இது நடந்தது, பிறகு அது நடந்தது, ஆகவே இதனால்தான் அது என்று பத்தி முடியும். கீழே சில வாக்கியங்கள். எது உண்மையாக இருந்தால் மேற்கண்ட வாதம் மிகவும் பலவீனப்படும்?

"தெருவுல விளக்கு போட்டாங்க, திருட்டு கொறஞ்சுது. விளக்குனாலதான்னு கவுன்சிலர் மேடையில பேசுறாரு. என்ன பண்ணுவீங்க?"

"அதே மாசம் திருடனைப் புடிச்சு உள்ள வெச்சுட்டாங்கன்னு இருந்தா, மேடம்?"

"அவ்வளவுதான். கவுன்சிலரோட சண்டைக்குப் போகாதீங்க. வாதத்தை உடைக்கவும் வேண்டாம், லேசா ஆட்டிவிட்டா போதும். பக்கத்துல இன்னொரு காரணத்தைக் கொண்டாந்து நிறுத்துங்க."

"நிஜமாவே திருடனைப் புடிச்சாங்களா மேடம்?"

"அது உங்க வேலை இல்ல. உண்மையாக இருந்தால்னுதான் கேட்டிருக்கான். டிக் பண்ணிட்டு அடுத்ததுக்குப் போங்க."

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்த நசுருதீனின் மகள் அவள். பத்தாவது வரை தமிழில் படித்து, பிறகு இங்கிலீஷுக்கு மாறி, கணக்கில் பட்டம் வாங்கினாள். வங்கி வேலைக்கு வயது வரம்பு தீரும்வரை பரீட்சை எழுதினாள். முதல் கட்டம் தேறும், இரண்டாவதில் சறுக்கும். கடைசியில், தான் எழுதித் தோற்ற பரீட்சைக்கு மற்றவர்களைத் தயார் செய்கிற வேலை கிடைத்தது. கலீமைக் கல்யாணம் செய்துகொண்டு பாலக்கரைக்கு வந்த பிறகும் அதை விடவில்லை. கலீம் ஷார்ஜாவில் குளிர்சாதன மெக்கானிக். வருஷத்துக்கு ஒரு மாதம் வருவான்.

பாலக்கரை வீட்டில் அவளுக்கு ஒரு துணை இருந்தது. அது மாமனார் தாஜுதீன். பெரிய கடைவீதியில் பூட்டுக் கடை வைத்திருந்து, முட்டி வலி வந்த பிறகு கடையை விட்டவர். குழந்தை தங்காததற்கு ஸ்ரீரங்கத்துக்கு பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போவதுதான் காரணம் என்று ஒருமுறை உறவில் பேச்சு வந்தது. தாஜுதீன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவன் ஷார்ஜாவுல இருக்கான், இவ பாலக்கரையில இருக்கா. பஸ் என்னம்மா பண்ணும் பாவம்," என்றார். அதோடு அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை. இவர் மட்டும் பரீட்சை எழுதியிருந்தால் இரண்டு கட்டமும் தேறியிருப்பார் என்று வஹீதா நினைத்துக்கொண்டாள்.

அவர் இறந்தது ஒரு மாலை நேரத்தில். மாமியார் ஹாஜிராவும், நாத்தனார் சம்ரீனும் தென்னூரில் ஒரு நிக்காஹுக்குப் போயிருந்தார்கள். வஹீதா வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. ஸ்ரீரங்கராஜன் போன் பண்ணினார்.

"சாயங்கால பேட்சுக்கு வாத்தியார் வரலைம்மா. குழந்தைகளுக்கு ஞாயித்துக்கிழமை பரீட்சை. நீ ஒரு நடை வந்துட்டுப் போனா பெரிய உபகாரமா இருக்கும்."

அவள் மாமனாரிடம் கேட்டாள். "போயிட்டு வாம்மா. நான் என்ன தொட்டில்லயா கெடக்கேன்," என்றார் அவர். ஃப்ளாஸ்க்கில் டீ போட்டு வைத்துவிட்டுப் போனாள். அந்தி நேர மஃரிப் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யக் குளியலறைக்குப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். தென்னூரிலிருந்து திரும்பியவர்கள்தான் பார்த்தார்கள். காவிரிப் பாலத்து நெரிசலில் பஸ் நின்றிருந்தபோது வஹீதாவுக்கு சம்ரீனிடமிருந்து போன் வந்தது. சம்ரீன் அழுததில் ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனாலும் புரிந்தது.

கலீம் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. இறந்தவர் உடலைக் காக்கவைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஏர்போர்ட்டிலிருந்து நேராகக் கபர்ஸ்தானுக்குப் போய், ஈரம் காயாத மண்ணைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவன் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல யாரு இருந்தா?" என்பதுதான். ஒரு தடவைதான் கேட்டான்.

ஹாஜிரா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதத்துக்கு மேல் வாசலைத் தாண்டாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கிற காலம் அது. அவள் வெளியே போக முடியாததால் ஊர் அவளிடம் வந்தது. வரகனேரியிலிருந்து, உறையூரிலிருந்து, லால்குடியிலிருந்து பெண்கள் வந்து பாயில் உட்காருவார்கள். கொஞ்ச நேரம் அழுவார்கள். பிறகு யாராவது ஒருத்தி, "எப்படிம்மா ஆச்சு?" என்பாள். ஹாஜிரா முதலிலிருந்து ஆரம்பிப்பாள். வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதுதான் முறை.

"அஸர் தொழுதாரு. டீ கேட்டாரு. இவ ஃப்ளாஸ்க்குல போட்டு வெச்சுட்டு கிளாஸுக்குப் போயிட்டா. நாங்க தென்னூர்ல இருக்கோம்..."

அடுப்படியில் டம்ளர் கழுவிக்கொண்டே வஹீதா கேட்பாள். முதல் சில நாட்கள் அவள் கிளாஸுக்குப் போனது டீயைப் போல, ஃப்ளாஸ்க்கைப் போல, கதையில் ஒரு தகவலாக இருந்தது. கேட்கிறவர்கள்தான் அதை விடவில்லை. "ஆள் இருந்திருந்தா ஒரு வாய் தண்ணியாவது ஊத்தியிருக்கலாமே," என்றாள் ஒருத்தி. அடுத்த முறை ஹாஜிராவே அதைச் சேர்த்துச் சொன்னாள். அதற்கடுத்த முறை டீ போய்விட்டது, அஸர் போய்விட்டது, கிளாஸ் மட்டும் நின்றது. சொல்லச் சொல்லக் கதை இறுகிக்கொண்டே வந்தது. ஹாஜிரா கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவர் சும்மா செத்துப்போனார் என்று எத்தனை பேரிடம்தான் சொல்வாள்?

பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு தவணை எழுதப்பட்டிருக்கிறது, அதற்கு யாரும் பொறுப்பில்லை என்று மெதுவான குரலில் சொன்னார். எல்லாரும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையாட்டினார்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியதும் ஹாஜிராவின் அக்கா, லால்குடிப் பெரியம்மா, பெருமூச்சு விட்டாள்.

"அவரு சொல்றது சரிதான். இருந்தாலும் வீட்டுல ஆள் இருந்திருக்கணும்."

கலீம் ஷார்ஜாவுக்குத் திரும்ப வேண்டிய வாரம். முன்னறையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "வேலைக்குப் போற மருமகளைக் கொண்டாந்தா ஒருநாள் இல்ல ஒருநாள் இப்படித்தான்," என்றாள்.

வஹீதா கலீமைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. தரையிலிருந்த பாயின் கோரையை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தான். மாமா போகச் சொல்லித்தான் போனேன் என்று அவள் அவனிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அதைக் கேட்டது அவள் மட்டுமே. சொன்னவர் இல்லை. அந்தச் சாட்சி செல்லவில்லை. அவன் இப்போது நிமிர்ந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. அப்போது, இத்தனை வருஷமாகக் கரும்பலகைக்கு முன்னால் பழகிய வாய் தானாகத் திறந்தது.

"மாமா விழறதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் பிரஷர் மாத்திரையை மாத்தினாங்க. எந்திரிச்சா தலை சுத்துதுன்னு ஒரு தடவை சொன்னாங்க."

அது உண்மை. அவர் சொன்னார். அவளுக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான்: பக்கத்தில் இன்னொன்று. மாத்திரையால் செத்தார் என்று அவள் சொல்லவில்லை. நினைக்கவும் இல்லை.

அறை அமைதியானது. வகுப்பில் சரியான விடையை யாராவது சொன்னதும் வருகிற அமைதி அது. கலீம் நிமிர்ந்தான்.

"எந்த மாத்திரை? யாரு குடுத்துக்கிட்டிருந்தா?"

அடுப்படி வாசலில் டீத் தட்டோடு நின்றிருந்த சம்ரீன், "நான்தாண்ணே குடுத்தேன்," என்றாள்.

சம்ரீன் கலீமின் ஒரே தங்கை. புதுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டு, தலாக் ஆகி, ஒரு சூட்கேஸோடு திரும்பி வந்தவள். வீட்டில் இருக்கிற இடம் தெரியாமல் இருப்பதையே தன் வேலையாக வைத்துக்கொண்டவள். அத்தாவுக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது மட்டும் அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு.

"தலை சுத்துதுன்னு உன்கிட்டயும் சொன்னாரா?"

"சொன்னாருண்ணே."

"சொல்லியும் குடுத்தியா?"

"டாக்டர் எழுதினதுண்ணே. ரெண்டு மூணு நாள்ல பழகிடும்னு மெடிக்கல்ல சொன்னாங்க."

"மெடிக்கல்ல சொன்னாங்களாம்," என்றாள் பெரியம்மா.

டீ ஆறியது. யாரும் எடுக்கவில்லை. சம்ரீன் தட்டைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே இருந்தாள்.

அன்று மத்தியானம் வஹீதா வயிறாரச் சாப்பிட்டாள். பல நாளைக்குப் பிறகு சோறு தொண்டையில் இறங்கியது. கிளம்புகிற அன்று கலீம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல கோவமா இருந்துட்டேன். மனசுல வெச்சுக்காத. கிளாஸையும் விட்டுடாத," என்றான். அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான் வந்தது.

அடுத்து வந்த உறையூர்க்காரியிடம் ஹாஜிரா சொன்ன கதையில் கிளாஸ் இல்லை. "புது மாத்திரை. தலை சுத்துதுன்னு சொல்லியிருக்காரு மனுசன். இந்தப் பொண்ணு ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லல." ஆட்டினால் போதும் என்று நினைத்து வஹீதா பக்கத்தில் நிறுத்திய காரணம், நிற்க இடம் கிடைத்ததும் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது.

சம்ரீன் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியாது அவளுக்கு. வந்தவர்களுக்கு டீ கொண்டுபோய் வைத்துவிட்டு, அங்கேயே நின்று தன்னைப் பற்றிய கதையை முழுக்கக் கேட்டாள். சில வாரத்தில் அவள் கையிலிருந்து சாமான்கள் நழுவ ஆரம்பித்தன. உப்பு போட்டோமா என்று ஒரே குழம்பை நாலு தடவை ருசி பார்த்தாள். ஹாஜிராவுக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுத்தால், ஹாஜிரா வாங்கி, வஹீதாவைக் கூப்பிட்டு, "இது அதுதானே, பாரு," என்பாள். சம்ரீன் பக்கத்தில் தண்ணீர் டம்ளரோடு நிற்பாள்.

தென்னூரிலிருந்து ஒரு வரன் விசாரித்தார்கள். மனைவி இறந்தவர், நல்ல மனிதர் என்று பேச்சு. கதை தென்னூருக்கும் போயிருந்தது. அவர்கள் மறுபடி வரவில்லை. "வாழப்போன எடமும் நிக்கல, கையால குடுத்த மருந்தும் ஆகல," என்றாள் பெரியம்மா. இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாதம் வலுப்பெறும். அந்த வகைக் கேள்வியையும் வஹீதா நடத்தியிருக்கிறாள்.

அவள் டாக்டரைப் போய்ப் பார்த்தாள். மாத்திரையினாலா என்று கேட்டாள்.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்மா. முதல்ல ஹார்ட்ல ஏதாவது ஆகி, அதனால விழுந்திருக்கலாம். ஈரத்துல வழுக்கியிருக்கலாம். போஸ்ட்மார்ட்டம் பண்ணல. இப்ப யாரு சொல்ல முடியும்?"

பரீட்சையில் இந்த ஒரு பதில் போதும். மூன்று விதமாக ஆட்டிவிட்டார் டாக்டர். பஸ்ஸில் திரும்பும்போது மனதுக்குள் அதை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஓரமாக விடாமல் மாமியாரிடம் சொன்னாள். ஹாஜிரா பொறுமையாகக் கேட்டாள்.

"நீ சொல்லித்தானேம்மா எங்களுக்கே மாத்திரை விஷயம் தெரிஞ்சுது. இப்ப நீயே இல்லங்குறியே."

"அப்ப தெரியாம சொல்லிட்டேன் மாமி."

"தெரியாம சொன்னா உண்மை இல்லன்னு ஆயிடுமா? அவளுக்காகப் பரிஞ்சு பேசுற. உன் மனசு எனக்குத் தெரியாதா?"

கலீமிடம் வீடியோ காலில் சொன்னாள். அவன் மத்தியான இடைவேளையில், ஏதோ கட்டடத்து நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"விடு வஹீதா. நடந்தது நடந்துபோச்சு. அவளை யாரும் அடிச்சோமா, திட்டினோமா?"

"அப்ப என்னைச் சொல்லுங்க. நான்தானே விட்டுட்டுப் போனேன்."

"அத்தாகிட்ட கேட்டுட்டுத்தானே போனே? அவரே போன்னு சொன்னாரு. உன் மேல என்ன தப்பு?"

அன்று செல்லாத அந்தச் சாட்சியை இன்று அவனே எடுத்து அவளுக்குக் கொடுத்தான். அவளிடம் இன்னொன்று மீதி இருந்தது. குளியலறைத் தரை வழுக்குகிறது, சுவரில் ஒரு கைப்பிடி வைத்துக் கொடு என்று தாஜுதீன் மகன் வந்த ஒவ்வொரு லீவிலும் சொல்லுவார். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று இவன் போய்விடுவான். அதை இப்போது சொன்னால் சம்ரீன் தப்பித்துவிடுவாள். சந்தேகமே இல்லை. அந்த வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்தது. அவன் சோற்றைப் பிசைகிற கையைப் பார்த்தாள். தகப்பன் முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்காதவன். பேசுவதற்கு ஆளில்லாத அறையில், மேல் அடுக்குக் கட்டிலில் அந்த வாக்கியத்தோடு அவன் தனியாகப் படுத்திருப்பதை நினைத்தாள்.

"சாப்பிடுங்க. அப்புறம் பேசுறேன்," என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தன்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று. சொன்னதும் தப்பு, சொல்லாமல் விட்டதும் தப்பு. இரண்டு தடவையும் விலை கொடுத்தது அதே பெண்தான். தென்னூர் கல்யாணத்தில் இரண்டாம் பந்திக்கு உட்காராமல் வந்திருந்தால் வெளிச்சத்தோடு வீடு திரும்பியிருப்போம் என்பது ஹாஜிராவுக்கும் தெரியாதா? அதை அவள் ஒரு கதையிலும் சொன்னதில்லை. ஆளுக்கொரு காரணத்தை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாருமாகச் சேர்ந்து சம்ரீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சம்ரீனை லால்குடிக்கு அழைத்துப்போவதாகப் பெரியம்மா முடிவு செய்தாள். அங்கே ஆள் வேண்டியிருக்கிறது, இவளுக்கும் மாறுதலாக இருக்கும் என்றாள். சம்ரீனை யாரும் கேட்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவளின் முன்னால் போய் வஹீதா தரையில் உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். வகுப்பில் சொல்வதைவிடப் பொறுமையாகச் சொன்னாள். சம்ரீன் ஒரு துப்பட்டாவை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அப்ப யாரு அண்ணி?"

"யாரும் இல்ல."

"யாரும் இல்லாம எப்படி அண்ணி அத்தா போவாரு?"

"போவாங்க சம்ரீன். அப்படித்தான் நிறைய நடக்குது. காரணம் தெரியாமலே போயிடும்."

சம்ரீன் யோசித்தாள். கோபம் இல்லை அவள் முகத்தில். இருந்திருந்தால் வஹீதாவுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க படிச்சவங்க. உங்களுக்கு அதுவா இருக்கும், இதுவா இருக்கும்னு நிறைய தோணுது. எனக்கு ஒண்ணுதான் அண்ணி தெரியுது. கசக்குதும்மான்னாரு. முழுங்குங்க அத்தான்னேன். வாங்கி முழுங்கிட்டாரு."

ஆட்டுவதற்கு அதில் வாதமே இல்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வஹீதாவே கொண்டுபோய் விட்டாள். ஹாஜிரா இத்தாவில் இருந்ததால் வாசல் வரை வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, மகள் தலையில் கை வைத்து ஓதி அனுப்பினாள். அழத்தான் செய்தாள். லால்குடி பஸ்ஸில் கூட்டம் அதிகம் இல்லை. சம்ரீன் ஜன்னலோரம், பக்கத்தில் பெரியம்மா, மூன்றாவதாகக் கூடையோடு யாரோ ஒரு அம்மாள். கீழே நின்று வஹீதா, "போனதும் போன் பண்ணு," என்றாள்.

"அம்மாவுக்குச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. வெள்ளை அட்டை முன்னாடி," என்றாள் சம்ரீன். பிறகு, "நீங்களே ஒரு தடவை பாத்துக்கங்க அண்ணி. நான் மாத்திச் சொல்லிடப் போறேன்," என்றாள்.

டிரைவர் ஏறினார். கூடைக்கார அம்மாள், வெள்ளைச் சேலையும் வீங்கிய கண்களுமாக இருந்த பெரியம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாலு வார்த்தை பேசுகிற தினுசில் ஏதோ விசாரித்தாள். பெரியம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"என் தங்கச்சி வூட்டுக்காரரும்மா. நல்லாத்தான் இருந்தாரு..."

சம்ரீன் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து, எப்போதும் போல நின்று கேட்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பஸ் கிளம்பிவிட்டது.